சந்தனப் பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

நான்காவது ஃபிளாப்பியையும் அந்த மெஷின் கடகடவென்று மென்று பார்த்துவிட்டு வேண்டாம் என்றது. திரையில் பழைய பல்லவிதான்: சரியான டிஸ்க்கைப் போடு, ஏதாவது ஒரு கீயைத் தட்டு.

"போச்சா?" என்றார் கட்டிலில் இருந்த கலியபெருமாள்.

"போச்சு" என்றாள் அமிர்தம். "இன்னும் ஆறு இருக்குது. அதுக்குள்ள கண்ண மூடிடாதீங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்தது. பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த மருமகன் விஜயகுமார் தலையைக் குனிந்துகொண்டான். வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த நாத்தனார் செல்லாயி மட்டும் விடவில்லை.

"பேசற பேச்சப் பாரு. புருசன் கெடக்கற கெடையில இவளுக்கு டப்பாவத் திருகற வேல."

"அக்கா, நான்தான் திருகச் சொன்னன்" என்றார் கலியபெருமாள். அவ்வளவு பேசியதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

நாலு நாள் முன்பு கடலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் அமிர்தத்தைத் தனியாக அழைத்து, ஈரலில் இனிச் செய்ய ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிடித்ததைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். புவனகிரிக்கு வரும் வழியில், வேன் புதுச்சத்திரம் தாண்டும்போது, என்ன வேண்டும் என்று கேட்டாள். இறால் தொக்கு கேட்பார் என்று நினைத்திருந்தாள்.

"பரண் மேல கெடக்குதே நம்ம மொத மெஷின், அத எறக்கு" என்றார். "ஊரு மெஷினெல்லாம் ஓட வச்சவன் ஊட்ல ஒண்ணு செத்துக் கெடக்கலாமா? நான் இருக்கறப்பவே அது ஓடணும்."

சிதம்பரம் மேலவீதியில் கடை போட்டபோது வாங்கிய மெஷின் அது. அவர் பழுது பார்ப்பார், அவள் டைப் அடிப்பாள். அந்தக் கீபோர்டில் அவள் அடித்துக் கொடுத்த ஆராய்ச்சிக் கட்டுரைகளை வைத்து இருபது முப்பது பேர் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார்கள். அடித்தவள் ப்ளஸ் டூவோடு நின்றாள். இருபத்து மூன்று வருஷம் ஒரே கடையில் முதுகோடு முதுகாக உட்கார்ந்திருந்தும், ஸ்க்ரூ டிரைவரை மட்டும் அவர் அவள் கையில் கொடுத்ததே இல்லை. நீ எழுத்தப் பாரு, நான் எலும்பப் பாக்கறேன் என்பார்.

இப்போது அந்த ஸ்க்ரூ டிரைவர் அவள் கொண்டையில் செருகியிருந்தது.

மெஷினுக்கு எழுந்திருக்கத் தெரிந்த வழிகள் மூன்றுதான். ஹார்ட் டிஸ்க்கில் இருந்த விண்டோஸ் எப்போதோ கெட்டுப் போயிருந்தது. சிடி டிரைவ் தட்டை நீட்டும், இழுத்துக்கொள்ளும், படிக்காது. மிச்சம் ஃபிளாப்பி. பென்டிரைவ் என்ற ஒன்று அந்த மெஷினின் பட்டியலிலேயே கிடையாது. பின்னால் அதைச் செருக ஓட்டை இருக்கிறது, ஆனால் அந்த வழியாக எழுந்திரு என்றால் அதற்குப் புரியாது. யோசனை சொன்னவர் கலியபெருமாள்தான். ஃபிளாப்பியில் ஒரு குட்டி புரோகிராம் வைத்தால், அது முதலில் எழுந்து மெஷினின் கையைப் பிடித்துப் பென்டிரைவ் பக்கம் கூட்டிப் போய்விடும். பென்டிரைவில், விண்டோஸுக்குப் பதிலாகப் பழைய மெஷினும் தாங்கக்கூடிய ஒரு சின்ன லினக்ஸ். விஜயகுமார் கடலூர் மஞ்சக்குப்பத்தில் யார் யாரையோ கேட்டு, லேப்டாப்பில் மாட்டும் ஃபிளாப்பி டிரைவ் ஒன்றைப் பிடித்துக்கொண்டு காலையிலேயே பைக்கில் வந்துவிட்டான். அவன் மனைவி, இவர்கள் மகள் சினேகா, டீச்சராக இருக்கும் பள்ளியில் பரீட்சை வேலை முடித்து மத்தியான பஸ்ஸில் வருவாள்.

அமிர்தத்துக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலமாக இருந்தது. அதை யாரிடம் சொல்வது? கட்டிலில் புருஷன் நாளை எண்ணிக்கொண்டிருக்க, ஒவ்வொரு ஃபிளாப்பியைச் செருகும்போதும் அவள் நெஞ்சு திருவிழாவுக்குக் கிளம்பும் பிள்ளையின் நெஞ்சாக அடித்துக்கொண்டது. வெட்கமாகவும் இருந்தது. திரும்பிப் பார்த்தால், குழிவிழுந்த அவர் கண்ணிலும் அதே திருவிழாதான் தெரிந்தது. நாலு நாளில் அவர் இவ்வளவு நேரம் விழித்திருந்ததில்லை.

ஐந்தாவதும் போயிற்று. ஆறாவதும்.

"மாப்ள, அந்த ஃபிளாப்பியெல்லாம் ஒம் மெஷின்ல படிக்குதா?" என்று கேட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் படிக்குது மாமா."

கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். அமிர்தம் பதறி எழுந்தாள். யோசிக்கத்தான் மூடியிருக்கிறார்.

"அப்ப தட்டு மேல தப்பு இல்ல. வாய் மேலதான். டார்ச்ச அடிச்சி அதும் வாயப் பாரு."

டார்ச்சை அடித்துப் பார்த்தாள். பார்த்ததும் டார்ச்சை அணைத்துவிட்டாள்.

"என்னா?"

"ஒண்ணுமில்ல."

"அமிர்தம்."

"சந்தனம்" என்றாள் மெதுவாக.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மெஷின்களைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பது அவள் வேலை. மற்ற மெஷின்களுக்கெல்லாம் நெற்றியில், அதாவது மானிட்டர் தலையில். இந்த முதல் மெஷினுக்கு மட்டும் செல்லம் ஜாஸ்தி. ஃபிளாப்பி போடும் இடம் பார்க்க வாய் மாதிரி இருந்ததால், பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற ஆசையில் அங்கே ஒரு உருண்டை. பரணுக்குப் போன பிறகும் அவள் நிறுத்தவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, இருட்டில் தடவிப் பார்த்து, அதே வாயில் வைத்துவிட்டு இறங்குவாள். சந்தனம் காய்ந்து இறுகி, உள்ளே உதிர்ந்து, படிக்கிற முள்ளின் மேலேயே அப்பிக் கிடந்தது.

இதையெல்லாம் அவள் சொல்லி முடிக்கும்போது கட்டில் லேசாக ஆடியது. கலியபெருமாள் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராத சிரிப்பு. கண்ணோரம் தண்ணீர் வழிந்தது.

"இருவது வருசமா டிரைவ் கெட்டுப் போச்சுன்னு நானும் நெனச்சிக்கிட்டு… அடிப்பாவி, நீதான் அதும் வாய அடச்சி வச்சிருக்கறியா?"

"சாமி காரியம்னு வச்சன். எனக்கு என்னா தெரியும்?"

"தெரியாதுதான். நான்தான் கழட்டவே உடலியே ஒன்ன" என்றார். சிரிப்பு நின்று, அவளையே பார்த்தார். "கழட்டு. இப்ப கழட்டு."

செல்லாயி கீரையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள். அவளுக்கும் பார்க்க ஆசை வந்துவிட்டது.

நாலு திருகு. கொண்டையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை உருவி ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஊசி போட வரும் நர்ஸ் வைத்துவிட்டுப் போன ஸ்பிரிட்டில் காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்து, அவர் சொல்லச் சொல்லத் துடைத்தாள். மெதுவா. அழுத்தாத. ஒரே பக்கமா இழு. குச்சி மஞ்சளாக வந்தது, பிறகு சிவப்பாக, பிறகு வெள்ளையாக. அறை முழுக்க ஆஸ்பத்திரி வாசனையும் கோயில் வாசனையும் கலந்து வீசியது.

மூடி, மாட்டி, மின்சாரம் கொடுத்தாள். மெஷின் வழக்கம்போல முதலில் எஃப் ஒன் தட்டச் சொல்லி நின்றது. உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி செத்துப் போனதால் ஒவ்வொரு முறையும் இந்தச் சடங்கு உண்டு. தட்டினாள். ஏழாவது ஃபிளாப்பி உள்ளே போயிற்று. கடகட என்று மெல்லவில்லை. சீராக, தையல் மெஷின் ஓடுவதுபோல ஒரு சத்தம். நீலத்திரையில் ஒரு பட்டியல் விழுந்தது. கடைசி வரியில், எழுந்திருக்கும் வழியாக அந்த மெஷின் தன் ஆயுளில் பார்த்திராத சொல் இருந்தது: யூஎஸ்பி, பென்டிரைவ் செருகும் ஓட்டையின் பெயர்.

"வந்துடுச்சி!" என்று கத்தியது விஜயகுமார். அமிர்தம் என்டரைத் தட்டினாள். பென்டிரைவின் முனையில் சின்ன விளக்கு மினுக்கத் தொடங்கியது.

பிறகு கேள்விமேல் கேள்வி. அவள் படித்துச் சொல்ல, அவர் பதில் சொல்ல, அவள் விரல் பத்தும் பழைய வேகத்தில் ஓடின.

"உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும், சம்மதமான்னு கேக்குது."

"உள்ள என்னா இருக்குது?"

"நான் அடிச்ச தீசிசெல்லாம்."

"அவனவன் டாக்டராயி ரிட்டயரே ஆயிட்டான். அழி."

அழித்தாள். திரையின் நடுவே ஒரு பட்டை தோன்றி, அதன் கீழே சதவீதம் ஓட ஆரம்பித்தது. மேசையைக் கட்டிலின் கால்மாட்டில் போட்டிருந்ததால் அவள் முதுகு அவரைப் பார்த்திருந்தது. கடையில் உட்கார்ந்த மாதிரியே இருந்தது.

"அங்கேருந்து எழுத்து தெரியல" என்றார். "சொல்லிக்கிட்டே வா."

"பதினெட்டு" என்றாள்.

"ம்."

"முப்பத்தொண்ணு."

"ம்."

நாற்பத்தைந்தில் நின்றுவிட்டது. அவளுக்கு உயிரே போய்விட்டது. பொறு, பழைய ஆளு, மெதுவாதான் முழுங்குவான் என்றார் அவர். ஐந்து நிமிஷம் கழித்து நாற்பத்தாறு விழுந்தது. செல்லாயி கையெடுத்துத் திரையைக் கும்பிட்டாள். விஜயகுமார் போனை எடுத்துச் சினேகாவுக்கு, ஓடுது, சீக்கிரம் வா என்று சொன்னான்.

"அறுவத்தி மூணு."

"ம்."

"எழுவது. இன்னும் முப்பதுதாங்க."

"ம்."

"எழுவத்தி ஏழு."

"ம்" என்றார். கொஞ்சம் நீளமாக.

"எழுவத்தி ஒம்போது" என்றாள்.

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஹார்ட் டிஸ்க் கிறுகிறுவென்று எழுதிக்கொண்டிருந்தது.

"எம்பத்தி ரெண்டு."

விஜயகுமார் திரும்பிப் பார்த்தான். எழுந்து கட்டிலருகே போனான். மாமா என்றான். மணிக்கட்டைப் பிடித்தான். மூக்கின் கீழே விரலை வைத்தான்.

"அத்த" என்றான்.

"இரு மாப்ள. எம்பத்தி ஆறு."

"அத்த, இங்க பாருங்க."

அவள் பார்க்கவில்லை. தொண்ணூற்று ஒன்றைச் சொன்னாள். தொண்ணூற்று ஐந்தைச் சொன்னாள். அதற்குள் செல்லாயிக்குப் புரிந்துவிட்டது. தம்பி என்று அவள் போட்ட கூச்சலில் தெருவே எழுந்து வந்தது. தொண்ணூற்று ஒன்பதை அமிர்தம் சொன்னது யார் காதிலும் விழவில்லை. அடுத்ததை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஃபிளாப்பியை எடு, பென்டிரைவை எடு, என்டரைத் தட்டு என்றது திரை. எடுத்தாள், எடுத்தாள், தட்டினாள். அதன் பிறகுதான் திரும்பினாள்.

அவர் கண் திறந்தபடி மேசைப் பக்கமே இருந்தது. அதை மூடிவிட்டு அவர் மார்பில் தலையைச் சாய்த்து அழுதாள்.

பிற்பாடு, அழுது ஓய்ந்த செல்லாயி மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள். "திதி குறிக்கணும். உசுரு போறப்ப மணி என்னா, யாராவது பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் திரையைத்தானே பார்த்தார்கள்.

"எழுவத்தி ஏழு" என்றாள் அமிர்தம்.

செல்லாயி ஒன்றும் புரியாமல் விஜயகுமாரைப் பார்த்தாள். அவன் போனில் சினேகாவைக் கூப்பிட்ட நேரத்தைத் தேடிப் பார்த்து, அதோடு கொஞ்சம் கூட்டி, பதினொண்ணே கால் என்று போட்டுக்கொள்ளச் சொன்னான்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பந்தல் வந்துவிட்டது, நாற்காலி வந்துவிட்டது, சினேகாவும் வந்து அழுது மயங்கித் தெளிந்திருந்தாள். குளிப்பாட்டி, வேட்டி கட்டி, கலியபெருமாளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அதே அறையில் கிடத்தினார்கள். பெட்டி கொண்டுவந்த ஆள் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு பிளக் தேடினான். மேசைக்குப் பின்னால், மெஷின் மாட்டியிருந்ததைக் கண்டு கையை நீட்டினான்.

"அதத் தொடாத தம்பி" என்றாள் அமிர்தம். அவர் போனதிலிருந்து அவள் இவ்வளவு தெளிவாகப் பேசியது இப்போதுதான். "பக்கத்து ரூம்ல ஃபிரிட்ஜப் புடுங்கிட்டுப் போடு."

"பாலு கெட்டுப் போயிடுமே" என்றாள் செல்லாயி.

"போவட்டும் அண்ணி."

பெண்கள் வட்டத்திலிருந்து எழுந்து மேசைக்கு வந்தாள். மெஷின் அப்போதிலிருந்து எஃப் ஒன் தட்டச் சொல்லிக் காத்துக்கொண்டிருந்தது. தட்டினாள். கறுப்புத் திரையில் எழுத்துகள் விறுவிறுவென்று ஏறின. பிறகு வெளிர்நீலம் பரவியது. மூலையில் ஒரு கடிகாரம், இரண்டாயிரமாம் வருஷம் ஜனவரி ஒன்றாம் தேதி என்று நம்பிக்கையோடு காட்டியது.

அமிர்தம் பெட்டியின் கண்ணாடி மேல் குனிந்தாள்.

"நூறு" என்றாள்.

வழக்கம்போல ஒரு நிமிஷம் பொறுத்தாள். பிறகு மானிட்டரை இரண்டு கையாலும் பிடித்து, அவர் முகம் இருந்த பக்கமாகக் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டு, போய் உட்கார்ந்தாள்.