கண்ணு என்று கூப்பிடாதீர்கள்

எங்கள் ஊரில் முதல் பல் முளைப்பதற்குள் குழந்தையின் உறுப்புகளுக்கு உடற்கூறு சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். பிறக்கும்போது அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. தன் பெயர் என்ன, தன் வேலை என்ன என்பதையெல்லாம் ஒரு டியூஷன் டீச்சர் வந்துதான் சொல்ல வேண்டும். ஈறைக் கீறிக்கொண்டு பல் வந்துவிட்டால் வகுப்பு முடிந்தது. அதுவரை எந்தப் பெயருக்குப் பழகியதோ, அந்த உறுப்பு ஆயுசுக்கும் அதுவாகவே இருந்துவிடும்.

விவரமானவர்கள் மசக்கையிலேயே டீச்சரைப் பேசி வைத்துவிடுவார்கள். எங்களுக்கு யாரும் கிடைக்கவில்லை.

என் மகளுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் எவாஞ்சலின். அப்படி யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. கண்ணு என்றுதான் கூப்பிட்டோம். கண்ணு, பால் குடி. கண்ணு, அழாதே. கண்ணு, அம்மாவைப் பாரு. அவளுக்குள் இருந்த ஒவ்வொன்றும் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டது. குளிப்பாட்டும்போது சோப்பு பட்டால் முழங்கால் கலங்கிச் சிவந்தது. வெயிலில் தூக்கிக்கொண்டு போனால் தொப்புள் கூசிச் சுருங்கியது. நான் அறையில் எந்தப் பக்கம் நடந்தாலும் அவள் வயிறு அந்தப் பக்கம் திரும்பியது. நிஜமான கண்கள் இரண்டும், இத்தனை பேர் இருக்கும்போது நாம் எதற்கு என்று ஒதுங்கி, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இதோடு போயிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். அவள் மார்புக்குள் துடிக்கிறதும் தன்னைக் கண் என்றுதான் நினைத்திருந்தது.

கண் என்றால் இமைக்க வேண்டும். அது இமைத்தது. என் உள்ளங்கைக்கு அடியில் ஒரு துடிப்பு விட்டுப்போகும், பிறகு வரும். "தூங்கு கண்ணு" என்று யாராவது சொல்லிவிட்டால் அது சொல்பேச்சு கேட்டு மூடிக்கொண்டது. "முழிச்சுக்கோ கண்ணு" என்று நான் சொன்ன பிறகுதான் திறந்தது. பல் முளைத்துவிட்டால் அது ஆயுசுக்கும் கண். கண் என்றால் தினமும் தூங்கும். எத்தனை காலம் நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுப்பிக்கொண்டிருக்க முடியும்?

வீட்டில் தூங்கு என்ற வார்த்தையை நிறுத்தினோம். என் மாமியாருக்கு உறக்கம் வந்தால் "நான் கொஞ்சம் உள்ள போயிட்டு வாரேன்" என்பார்கள். என் கணவர் உப்புக் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்தால் கையால் ஜாடை காட்டிவிட்டுப் படுத்துக்கொள்வார். கண்ணு என்பதை நிறுத்தப் பார்த்தேன். தங்கம் என்று ஒரு நாள் கூப்பிட்டேன். சாயங்காலத்துக்குள் தொட்டிலின் கயிறு அறுந்துவிட்டது, அவ்வளவு கனம். மறுபடி கண்ணுக்கே வந்தேன்.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லாக்காவிடம் டீச்சர் யாராவது இருந்தால் சொல்லச் சொன்னேன்.

"ஏட்டி, ஈறு வெள்ளையா வீங்கி நிக்கி, இப்பப் போயி டியூஷன் தேடுதியா?" என்றாள் அவள். "எங்க டெரன்ஸுக்குத் தவழ முன்னாடியே கிட்னி ரெண்டும் வலது எது இடது எதுன்னு தனித்தனியா சொல்லும்."

"தெரியும்க்கா."

"மண்ணீரல் மட்டும் கொஞ்சம் கூச்சம். ஆள் வந்தா எந்திரிச்சுப் பின்னால போயி நின்னுக்கும். மத்தபடி எல்லாம் ஃபர்ஸ்ட் கிளாஸ்."

விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து டாக்டருக்குப் படிக்கும் ஒரு மாணவரை வரவழைத்தோம். லிவிங்ஸ்டன் என்று பெயர். எல்லாவற்றையும் லத்தீனில் சொன்னார். உறுப்புகள் மரியாதைக்காகக் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தன. அவர் செருப்பை மாட்டியதும் அத்தனையும் கலகலவென்று பேச ஆரம்பித்ததில் குழந்தைக்கு விக்கல் பிடித்துக்கொண்டது.

அப்புறம்தான் எனக்கு டார்சோ மிஸ் ஞாபகம் வந்தது.

நான் படித்த கான்வென்டின் பயாலஜி லேபில் ஜன்னலோரம் இருப்பவர். கழுத்திலிருந்து இடுப்புவரை, பாடம் நடத்தச் செய்துவைத்த பிளாஸ்டர் உடம்பு. தலை உண்டு, கையும் காலும் கிடையாது. ஒரு பாதி தோல், ஒரு பாதி திறந்திருக்கும். உள்ளே உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கலாம். நான் போனபோது லேப் பூட்டியிருந்தது. சிஸ்டர் திறந்துவிட்டார்கள்.

"லீவுல நான் டியூஷன் எடுக்குதது இல்ல," என்றார் மிஸ். "குழந்தைக்கு என்ன?"

சொன்னேன். மிஸ் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"எல்லாமே கண்ணா?"

"எல்லாமே, மிஸ்."

"பல்லு?"

"இன்னைக்கோ நாளைக்கோ."

"ஒரு துப்பட்டா கொடு. பஸ்ல இப்படியே வர முடியாது. ஜன்னல் சீட் பிடிக்கணும். அதுதான் என் ஃபீஸ்."

மிஸ்ஸை இடுப்பில் வைத்துத் துப்பட்டாவால் போர்த்திக்கொண்டு ஏறினேன். கண்டக்டர் குனிந்து பார்த்துவிட்டு, கால் இல்லாதவர்களுக்கு டிக்கெட் இல்லை என்றார். மிஸ் வழி நெடுக உப்பளங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். பஸ் திரும்பும் வளைவுகளில் அவர் ஈரல் லேசாகக் குலுங்கியது.

வீட்டில் மிஸ்ஸை நாற்காலியில் வைத்து, எதிரே பாயில் குழந்தையைக் கிடத்தினேன். மிஸ் முதலில் அட்டெண்டன்ஸ் எடுத்தார்.

"கண்."

குழந்தையின் உடம்பு முழுக்க ஒரு அசைவு ஓடியது. குதிகால் முதல் உச்சந்தலைவரை எல்லாமே ப்ரெசென்ட். கண்கள் இரண்டு மட்டும் கூரையைப் பார்த்தன.

"ரொம்பச் செல்லம் கொடுத்திருக்க," என்றார் மிஸ்.

பாடம் நடந்தது. மிஸ் சொல்லச் சொல்ல நான் அவருடைய உறுப்புகளை எடுத்துக் காட்டினேன். இது கல்லீரல். இது இரைப்பை. இது நுரையீரல், இன்னொன்று போன வருஷம் செய்முறைத் தேர்வில் காணாமல் போய்விட்டது, இதைப் போலத்தான் அதுவும். கல்லீரல் சீக்கிரம் பிடித்துக்கொண்டது. கறி எடுக்கும் நாட்களில் அந்தப் பெயர் எங்கள் சமையலறையில் அடிபடும். முழங்காலை என் மாமியார் தைலம் தேய்க்கும்போதெல்லாம் திட்டுவார்கள், அதனால் அதுவும் தன் பெயரைச் சட்டென்று ஒத்துக்கொண்டது. நிஜக் கண்களுக்குக் கண் என்றால் நம்பிக்கை வரவில்லை. மிஸ் அவற்றுக்கு முழி என்று பெயர் கொடுத்தார். அவை திரும்பி, முதல் தடவையாக, என்னைப் பார்த்தன.

கடைசியாக மிஸ் தன் மார்பிலிருந்து அதை எடுக்கச் சொன்னார். பெயரைச் சொன்னார். குழந்தையின் மார்பு கேட்காத மாதிரி இருந்தது. மறுபடி சொன்னார். அது ஒரு தடவை இமைத்தது.

"இந்த வீட்டுல இந்த வார்த்தையை யாரும் பேசுததே இல்லையா?"

"இல்ல மிஸ்."

"ஏன்?"

"அது அவங்க பேரு மிஸ்."

என் கணவர் இருதயம். அவருடைய தாத்தாவின் பெயரை அவருக்கு வைத்தார்கள். கணவர் பெயரை நான் சொல்வதில்லை. "ஏங்க", "இங்க பாருங்க" என்றுதான் கூப்பிடுவேன். என் மாமியாருக்கு அது மாமனார் பெயர். அதனால் பெற்ற மகனை அவர்கள் பெரியவன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜெபத்தில் அந்த வார்த்தை வரும் இடத்தில் நாங்கள் இருவரும் லேசாக இருமுவோம்.

"இதயம்னு சொல்லிக்கொடுத்தா என்ன மிஸ்?"

"அது பாட்டுல வரும். வீட்டுக்கு ஆகாது."

"ஹார்ட்?"

"சீட்டுக்கட்டா அவ?"

"அப்ப நீங்களே இன்னும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்க மிஸ்."

"நான் டியூஷன்மா. வீட்டுல கேட்டதைத்தான் நான் திருப்பிச் சொல்லிக்கொடுக்க முடியும். கேக்காததை எப்படிச் சொல்லிக்கொடுக்க?"

என் மாமியாரைப் பார்த்தேன். அவர்கள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். கொல்லையில் என் கணவர் குளிக்கிற சத்தம் கேட்டது. கணவர் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று என்னைக் கட்டிக்கொடுத்தபோது சொல்லி அனுப்பியிருந்தார்கள். கான்வென்டில் அது பாடத்தில் இல்லை. ஆனாலும் நான் அதைத்தான் நம்பினேன். ஒரு பக்கம் அவர் ஆயுசு, ஒரு பக்கம் இவள். வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது.

அப்போது மீன்காரம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். நல்ல மனுஷி. கூடையை இறக்கி வைத்து, கம்பி வழியாகக் குழந்தையைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன கண்ணு, இன்னுமா முழிச்சுக் கிடக்க? தூங்கு கண்ணு, தூங்கு."

கல்லீரல் அசையவில்லை. முழங்கால் அசையவில்லை. அவை பாடம் படித்துவிட்டன. படிக்காத ஒன்று மட்டும் மூடிக்கொண்டது.

கையை வைத்துப் பார்த்தேன். மார்பு வெதுவெதுப்பாக, சும்மா இருந்தது. அவள் முழிகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. கீழ் ஈறின் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி.

"முழிச்சுக்கோ கண்ணு" என்று சொல்லப் போனேன்.

"அதைச் சொன்னா திறந்துக்கும்," என்றார் மிஸ். "திறந்த நேரத்துல பல்லு வந்துட்டா அப்புறம் கண்ணுதான். பேரைச் சொல்லு."

"இருதயம்," என்றேன்.

ஒன்றுமில்லை.

"பரீட்சைக்கு ஒப்பிக்கியா? அவளைக் கூப்பிடுவியே, அந்தக் குரல்ல கூப்பிடு."

நான் குனிந்தேன். அவள் மார்பில் வாயை வைத்து, பால் கொடுக்க எழுப்புகிற குரலில் கூப்பிட்டேன்.

"இருதயம். இருதயம், வாடி. அம்மா கூப்பிடுதேன்லா. இருதயம்."

என் மாமியார் கீரையைப் போட்டுவிட்டு எழுந்து தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, கதவோரம் ஒதுங்கி நின்றார்கள், தன் மாமனார் உள்ளே வந்தால் நிற்பதைப் போல. கொல்லையிலிருந்து, "என்ன?" என்று என் கணவர் குரல் கேட்டது. அதே நேரம் என் உதட்டுக்கு அடியிலும் ஒன்று "என்ன?" என்றது. திரும்பவும் என்றது. விடாமல் என்றுகொண்டே இருந்தது. அதில் இமைப்பு இல்லை.

"ப்ரெசென்ட்," என்றார் மிஸ்.

குழந்தை அழுதது. அழுத வாயில் பல் முளைத்திருந்தது.

மீன்காரம்மா, "பல்லு மொளைச்சிருக்கே, சாளை எடுத்துக்கோ, கண்ணு முழிச்சுட்டா," என்றாள். யாரும் மூடவுமில்லை, திறக்கவுமில்லை. அந்தப் பெயருக்கு எங்கள் வீட்டில் இப்போது ஆள் இல்லை.

மிஸ்ஸின் உறுப்புகளை எல்லாம் துடைத்து அதனதன் இடத்தில் வைத்தேன். துப்பட்டாவைப் போர்த்திவிடும்போது அவர் சொன்னார்:

"ஒரு வீட்டுல ஒரு பேருக்கு ஒருத்தர்தான். உன் வீட்டுக்காரருக்கு வேற பேரு பாத்துக்கோ."

அது சரிதான். என் கணவர் குளித்து வந்ததிலிருந்து இருதயம் என்று யார் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. உப்புக் கம்பெனியிலிருந்து ஆள் வந்து வாசலில் நின்று கத்தியபோதும் குழந்தைதான் மார்பு துடிக்க வாசலைப் பார்த்தாள். அவர் பாவம், ஈரத்தலையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். யாராவது கூப்பிடமாட்டார்களா என்பது போல இருந்தது அவர் முகம்.

காலியாக ஒரு பெயர்தான் இருந்தது. மாமியார் கொல்லைப் பக்கம் போயிருந்தார்கள்.

"கண்ணு," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். முழுக்கப் பார்த்தார்.

இப்போதெல்லாம் எவாஞ்சலின் நன்றாகத் தூங்குகிறாள். நான்தான் இன்னும் அவள் மார்பில் ஒரு கையை வைத்துக்கொண்டிருக்கிறேன். இதை எழுதும்போதும் இடது கை அங்கேதான் இருக்கிறது. உள்ளே அது என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒன்றுமில்லை, சும்மாதான் என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். புழுதிக் காற்று அடிக்கிற நாட்களில் என் கணவரை வெளியே அனுப்புவதில்லை.

நேற்று மத்தியானம் நல்ல வெயில். இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்து, சாப்பிட்ட கையோடு பாயில் சாய்ந்தார். களைத்துச் சிவந்து போயிருந்தார்.

"கொஞ்சம் தூங்குங்க கண்ணு," என்றேன்.

அவர் மூடிக்கொண்டார். அந்த வெயிலிலேயே தெரு முழுக்க இருட்டிவிட்டது. ஸ்டெல்லாக்கா வீட்டில் லைட்டைப் போட்டார்கள். நான் கொடியில் காய்ந்த துணிகளைத் தடவித் தடவி எடுத்து உள்ளே வந்தேன்.