சிவப்புக் கல்லின் கோபம்

அந்தக் கல்லை எடுக்காதே என்று நான் என் புருஷன் ஹிக்குவிடம் சொல்லவேயில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஊரில் பார்ப்பவர்களிடமெல்லாம் "நான் அப்பவே தலையால அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே" என்று அளந்துகொண்டிருந்தேன். பச்சைப் பொய். அவன் குதிரையைக் கட்டி அந்தக் கல்லை மேட்டிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தபோது, வண்டியின் பின்னால் சாக்கு விரித்துக் கொடுத்தவளே நான்தான். "சீக்கிரம் ஏத்துய்யா, யாராவது பாத்துத் தொலைக்கப் போறாங்க" என்று அவசரப்படுத்தியவளும் நான்தான்.

எங்கள் தீவுப் பள்ளத்தாக்கின் தலைமாட்டில், ஆலமரத்துக்குக் கீழே பழைய கல்மேடை ஒன்று இருக்கிறது. அதைத்தான் மேடு என்போம். பாதிரியார்கள் வருவதற்கு முந்தைய காலத்தில் முன்னோர்களைத் தெய்வமாக வைத்துக் கும்பிட்ட இடம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் மண்டி போடுகிறவர்கள்தான் நாங்கள் எல்லோரும். ஆனால் மேட்டிலிருந்து ஒரு கூழாங்கல்லைக்கூட ஒருத்தரும் எடுக்க மாட்டோம். அது தபு. தொட்டவன் விளங்க மாட்டான்.

ஹிக்குவுக்கும் அது தெரியும். அவன் பயமில்லாதவன் இல்லை, ஆசை கண்ணை மறைத்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாக ஆற்றங்கரைக் கருங்கல்லில் முன்னோர் உருவமான தீக்கிச் சிலை செதுக்குகிறவன் அவன். கருங்கல் முரண்டு பிடிக்கும். கட்டிங் மெஷினை வைத்து அறுத்து, அப்புறம் உளியால் தட்டி, அப்புறம் தேய்த்து, ஒரு முழ உயரச் சிலைக்கே மூன்று வாரம் ஆகும். மேட்டில் கிடந்தது சிவப்புக் கல். இடுப்புயரம், பதமான கல், உளி சொன்ன பேச்சைக் கேட்கும். பப்பேத்தே நகரத்தில் இருக்கும் ஒரு பல் டாக்டர் தன் நீச்சல்குளத்துப் பக்கத்தில் வைக்க சிவப்பில் ஒரு தீக்கி வேண்டும் என்று கேட்டிருந்தார். மாதிரிக்கு ஒரு படமும் அனுப்பியிருந்தார்.

படத்தைப் பார்த்ததும் ஹிக்கு விழுந்து விழுந்து சிரித்தான்.

"இங்க பாருடி, பல்லை இளிச்சிக்கிட்டு நிக்குது. இது ஹவாய்க்காரன் சரக்கு. பல் டாக்டரு இல்லையா, அதான் பல்லையே பாக்குறாரு."

"அவரு கேட்டதைச் செஞ்சு குடுத்துட்டுப் போயேன்."

"நம்ம ஆளு பல்லைக் காட்ட மாட்டான். கையை வயித்து மேல வெச்சுக்கிட்டு, முட்டிய லேசா மடக்கிக்கிட்டு முழிப்பான். அவ்வளவுதான். பிடிக்கலேன்னா அவரு ஹவாய்க்கே போகட்டும்."

அப்படித்தான் செய்தான். முகத்தில் பாதியைக் கண்ணே எடுத்துக்கொண்டது, வட்டமாக, இமை தடித்து. வாய் காதிலிருந்து காதுவரை மூடி நீண்டு கிடந்தது. பக்கத்துத் தீவான உவா போவில் செய்கிறவர்கள் கல்லிலிருக்கும் பூப்புள்ளிகளைக் காட்டுவதற்காக முகத்தைத் தட்டையாக விட்டுவிடுவார்கள். ஹிக்குவுக்கு அது ஆகாது. "கல்லு அழகா இருந்தா போதும்னா எதுக்குடா செதுக்குற?" என்று அவர்களைக் கிண்டல் பண்ணுவான். அந்தச் சிவப்புச் சிலையைச் சாக்கில் சுற்றும்போது எனக்குக் கொடுக்கவே மனசு வரவில்லை. அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

சரக்குக் கப்பலில் ஏற்றி அனுப்பினோம். கப்பல் போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஹிக்குவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது.

இருமல் அவனுக்கு முன்னாலும் உண்டு, வருடக்கணக்காக உண்டு. கோழி கூவுகிற மாதிரி காலையில் அதுபாட்டுக்கு இருக்கும், யார் அதை இருமல் என்று நினைத்தார்கள்? இப்போது வந்தது வேறு. வீட்டுக்குப் பின்னால் ஈரப்பலா பறிக்க ஏறியவன் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டான். உதடு நீலம் பூத்துப்போயிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினான், கரையில் போட்ட மீன் மாதிரி. 

அப்போதுதான் நான் சொன்னேன்.

"கல்லுதான்யா. மேட்டுக் கல்லுதான் உன்னைப் பிடிச்சிருக்கு."

என் நாக்கில் புற்று வைக்க.

அவன் மறுக்கவில்லை. அதையேதான் அவனும் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். அன்றிலிருந்து கட்டிங் மெஷினைத் தொடவில்லை. உளிகளைச் சாக்கில் சுற்றி மூலையில் போட்டான். கடற்கரையில் போய் உட்கார்ந்து அலையையே பார்த்துக்கொண்டிருந்தான். தேங்காய்ப்பாலில் ஆட்டுக்கறி சமைத்து வைத்தாலும் இரண்டு வாய்தான் சாப்பிட்டான். ஐம்பத்தொரு வயது மனுஷன், மலையேறி ஆட்டைத் துரத்திப் பிடித்தவன், குழந்தை மாதிரி என்னிடம் கேட்டான்:

"செத்துருவேனாடி?"

"வாயைக் கழுவு. கல்லைத் திருப்பிக் கொண்டாந்து மேட்டுலயே வெச்சுட்டா எல்லாம் சரியாயிடும்."

"அது டாக்டரு வீட்டுல இருக்குதே."

"நான் கொண்டாரேன் பாரு."

ஹிக்குவின் தங்கை மர்செலின் பப்பேத்தேயில் இருக்கிறாள். அவளைப் பல் டாக்டரிடம் அனுப்பினேன். திரும்பி வந்து போன் பண்ணினாள்.

"அண்ணி, அந்தாளு சிரிக்கிறாரு. காசு குடுத்து வாங்குன சிலைய எதுக்குத் தரணும்கிறாரு."

"உங்க அண்ணன் சாகக் கெடக்கான்னு சொன்னியா?"

"சொன்னேன் அண்ணி. டாக்டரைப் போய்ப் பாருங்கன்னாரு."

இரண்டு வாரம் விடாமல் நானே அவருக்குப் போன் போட்டேன். கெஞ்சினேன், அழுதேன், ஒரு நாள் திட்டியும்விட்டேன். கடைசியில் அவர் இறங்கி வந்தார். அவர் கெட்ட மனுஷன் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். சிவப்புச் சிலையைத் தந்துவிடுகிறேன், அதற்குப் பதிலாக வீட்டு வாசலில் இரண்டு பக்கமும் நிற்க ஆள் உயரத்துக்கு இரண்டு தீக்கி, கருங்கல்லில், என்றார். ஹிக்குவிடம் நான் கேட்கக்கூட இல்லை. "சரிங்க, கண்டிப்பா செஞ்சு தருவாரு, முன்னோர் மேல ஆணை" என்று நானே வாக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் அவனிடம் சொன்னேன்.

இதற்கு நடுவில் எங்கள் ஊர் மருந்தகத்து நர்ஸ் ரொசாலி ஹிக்குவை எங்கள் தீவின் பெரிய ஊரான தாயோஹேயில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி நெஞ்சைப் படம் எடுக்க வைத்திருந்தாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படம் பப்பேத்தேயில் ஒரு பெரிய டாக்டர் பார்வைக்குப் போயிருந்தது.

கல் வந்தது. நாலு ஆண்கள் கழியில் கட்டித் தோளில் தூக்கி மேட்டுக்கு ஏற்றினார்கள். வழியெல்லாம் வியர்த்துக் கொட்டி, "உன் புருஷன் இதைக் கீழ கொண்டாந்தப்போ எங்களைக் கூப்பிட்டானா, மேல ஏத்த மட்டும் நாங்களா?" என்று என்னை வம்புக்கிழுத்தார்கள். சிலையாகிப்போன கல்லை அது கிடந்த அதே குழியில் நிறுத்தினோம். புளித்த ஈரப்பலா மாவுக் களியைப் படைத்தோம். ஊரில் வயதானவர் ஒருவர் பழைய பாட்டைப் பாடினார், பாதி மறந்துவிட்டது, மறந்த இடத்தில் முனகினார். எதற்கும் இருக்கட்டும் என்று உபதேசியார் தீர்த்தமும் தெளித்தார். ஹிக்கு கல்லின் முன்னால் நின்று, "மன்னிச்சுக்குங்க, புத்தி கெட்டுப் போச்சு" என்று தழுதழுத்தான். இறங்கும்போது மூச்சு வாங்கவில்லை அவனுக்கு. பாதி வழியில் என் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தான். எனக்கு வானத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆறாம் நாள் ரொசாலி வீட்டுக்கு வந்தாள். ஹிக்கு குளிக்கப் போயிருந்தான்.

"அக்கா, உக்காருங்க. படத்தோட முடிவு வந்திருக்கு."

"அவருக்குத்தான் நல்லாயிடுச்சே. நேத்து ஆத்துல நீந்துனாரு."

"நல்லாகலக்கா. நெஞ்சு பூரா கல்தூசி. இருபது வருஷத் தூசி, உள்ளயே இறுகிப் போயிருக்கு. அது வெளிய வராது, மருந்தும் கிடையாது."

"இப்ப மூச்சு நல்லா இருக்கே?"

"ரெண்டு மாசமா மெஷினைத் தொடல இல்ல? அதான்." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதோட நிறுத்திட்டா பல வருஷம் இருப்பாரு. திரும்ப தூசியில உக்காந்தா ரெண்டு வருஷம்கூடத் தாங்காதுன்னு டாக்டரு எழுதியிருக்காரு. அவருகிட்டயும் நான் சொல்றேன். நீங்க விட்டுறாதீங்க."

சொன்னாள் அவனிடம். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, வெள்ளை வெள்ளையாகத் தெரிந்ததைக் காட்டினாள். ஹிக்கு மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். அவள் போனதும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"பாவம், சின்னப் பொண்ணு. அந்தப் படம் எப்ப எடுத்தது? கல்லு பப்பேத்தேயில இருக்கும்போது. அப்ப அப்படித்தான் இருந்திருக்கும். இப்ப எடுக்கச் சொல்லு."

"ஹிக்கு, அது தூசிய்யா. கல்லும் இல்ல, கோபமும் இல்ல. நான்தான் பயத்துல உளறிட்டேன்."

அவன் முகம் வெளுத்தது. எட்டி வந்து என் வாயைப் பொத்தினான். "மெதுவா பேசு! மேல கேட்டுடப் போகுது. இப்பத்தான் மன்னிச்சு விட்டுருக்காங்க."

மறுநாள் ஆற்றங்கரையிலிருந்து கருங்கல் வந்து முற்றத்தில் இறங்கியது. ஆள் உயரம்.  பல் டாக்டருக்குப் போன் போட்டேன், சிலை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், காலில் விழுகிறேன் என்றேன். அவர் உடனே ஒப்புக்கொண்டார். உடம்பு முக்கியம் அம்மா என்றார். ஓடிப்போய் ஹிக்குவிடம் சொன்னேன்.

"அவரு வேண்டாம்னுட்டாரு! அவரே சொல்லிட்டாரு!"

"அவரு யாருடி வேண்டாங்கறதுக்கு? நீ யாரு மேல ஆணையிட்ட?"

கருங்கல்லின்மேல் கையை வைத்துக்கொண்டு அவனே சொன்னான்.

"முன்னோர் மேல ஆணையிட்டுக் கல்லை வாங்கியிருக்க. ரெண்டு சிலைய நான் முடிக்கலேன்னா அவங்களை ஏமாத்துனதா ஆகாதா? மறுபடியும் பிடிச்சுக்கிட்டா உன் பல் டாக்டரு வந்து காப்பாத்துவாரா?"

"அப்ப உளியில மட்டும் செய்யி. மெஷின் வேணாம்."

"ஆள் உயரக் கருங்கல்லை உளியிலயா? என் பேரன்தான் முடிப்பான்." சிரித்துக்கொண்டே மெஷினை எடுத்தான். "நான் நல்லாத்தான் இருக்கேன், பாரு." நெஞ்சை நிமிர்த்தி நீளமாக மூச்சை இழுத்துக் காட்டினான். இழுக்கவும் முடிந்தது அவனால், அதுதான் கொடுமை.

ரொசாலி முகமூடி கொடுத்தாள். ஒரு நாள் போட்டான். வியர்வையில் மூக்கோடு ஒட்டிக்கொள்கிறது, கண்ணாடியில் ஆவி படிகிறது என்று கழற்றிப் பக்கத்துக் கட்டையில் மாட்டினான். நான் குடத்தில் தண்ணீர் எடுத்து வந்து தூசி கிளம்பாமல் இருக்கக் கல்மேல் ஊற்றிக்கொண்டே நின்றேன். "கரண்டு பாயும்டி, பைத்தியமா நீ?" என்று கத்தினான். அது உண்மைதான், அந்த மெஷினுக்குத் தண்ணீர் ஆகாது. வயரைப் பிடுங்கி ஒளித்தேன். பக்கத்து வீட்டிலிருந்து வேறு வாங்கி வந்தான். அழுதேன், சமைக்காமல் இருந்தேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்தேன். எல்லாவற்றுக்கும் அன்பாகவே பதில் சொன்னான். என்னமோ நான்தான் நோயாளி என்பதுபோலத் தலையைத் தடவிக்கொடுத்தான்.

"நீதானே என்னைக் காப்பாத்துன. இப்ப ஏன் பயப்படுற?"

முதல் சிலைக்கு ஒரு கண் வந்துவிட்டது. இருமலும் திரும்ப வந்துவிட்டது. ஹிக்கு அதைக் காற்று மாறுகிறது என்கிறான்.

நேற்று மத்தியானம், அவன் சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்திருந்தபோது, குதிரைக் கயிற்றை எடுத்துக்கொண்டு நான் மட்டும் மேட்டுக்கு ஏறினேன். குதிரை எனக்கு அடங்காது, கயிறு மட்டும்தான். எனக்கு ஒரே எண்ணம்தான் இருந்தது. அந்தச் சிவப்புக் கல்லை மறுபடியும் எங்கள் முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும். எழுந்து வந்து அதைப் பார்த்தால் ஹிக்கு பயந்துவிடுவான். மெஷினைக் கீழே போடுவான். கடற்கரையில் போய் உட்கார்ந்துகொள்வான், சாப்பிட மாட்டான், செத்துப்போவேனா என்று கேட்பான். கேட்கட்டும். மூச்சு விட்டுக்கொண்டு கேட்பானல்லவா. தபு என்னைப் பிடித்தால் பிடித்துக்கொள்ளட்டும்.

சிவப்புச் சிலை கண்ணை விழித்துக்கொண்டு, கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு நின்றது. "அவன்மேல கோபப்படுங்க," என்று கெஞ்சினேன். "நீங்க மன்னிச்சது போதும். ஒரே ஒரு தடவை கோபப்படுங்க." கயிற்றை அதன் கழுத்தில் சுற்றிக் கட்டி இழுத்தேன். அசையவில்லை. குழியின் ஓரத்து மண்ணைக் கையால் தோண்டினேன், நகம் இரண்டு பெயர்ந்து ரத்தம் வந்தது. முதுகைக் கொடுத்துத் தள்ளினேன். நாலு ஆண்கள் சுமந்த கல், அவர்களே நன்றாக மிதித்து இறுக்கி நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள், நான்தான் பக்கத்தில் நின்று இன்னும் ஆழமாக, இன்னும் ஆழமாக என்று சொன்னேன். அதன் காலடியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். கீழே எங்கள் வீட்டுப் பக்கமிருந்து மெஷின் சத்தம் கேட்டது. ஹிக்கு எழுந்துவிட்டான்.