திறந்த சாக்கு

"9.8.2001, வியாழன். இன்று ஒரு சிறு தவறு. மாதிரி எடுக்கும்போது தைத்த சாக்கைப் பிரிக்காமல், மிஷின் பக்கம் திறந்து கிடந்த சாக்கிலிருந்து அள்ளிவிட்டேன். சரக்கு ஒன்றுதான். இருந்தாலும் முறை அதுவல்ல. இனிக் கவனம் தேவை."

எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தாள் காளீஸ்வரி. 'சிறு' என்ற சொல் சரிதானா என்று தெரியவில்லை. அப்படியே விட்டாள்.

கோவில்பட்டியில் எட்டயபுரம் சாலையோரத்துத் தகரக் கொட்டகையில் ராஜமணி அண்ணாச்சியின் பிளாஸ்டிக் கம்பெனி இருந்தது. அங்கே கடிதம் அடிப்பது காளீஸ்வரி. ஒரு மிஷினில் குடம், இன்னொன்றில் வாளி. குடத்துக்கான பாலிஎத்திலீன் குருணை கப்பலில் தூத்துக்குடிக்கு வரும். வாளிக்கு வேறு ஜாதி, பாலிபுரொப்பிலீன். கண்ணுக்கு இரண்டும் அழுக்கு வெள்ளையில் ஒன்றுபோலவே இருக்கும். குருணைக்கு ஒரு வரி, கழிவுக்கு வேறு சட்டம்.

இந்த முறை வந்த கண்டெய்னர் பெட்டியின் மேல் சுங்க அதிகாரிக்குச் சந்தேகம். இதே வெளிநாட்டு வியாபாரியிடம் முன்பு வாங்கிய சரக்கில் ஒரு கிலோ அனுப்புங்கள், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். தைத்த சாக்குகள் அடுக்கின் அடியில் இருந்தன. இறக்கித் தரவேண்டியவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். காளீஸ்வரிக்கு மாலை வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அள்ளிக் கட்டி, மெழுகு உருக்கி ஒட்டி, தூத்துக்குடி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு ஓடினாள்.

பஸ் ஸ்டாண்டு எதிரே, மாடியில் ஏற்றுமதி இறக்குமதி வகுப்பு. அன்றைக்கு வாத்தியார் எடுத்தது பிளாஸ்டிக்தான். "ஒரே ஜாதியா, சுத்தமான குருணையா இருந்தா வரிப் பட்டியல்ல ஒரு வரிசை. கலந்து, அழுக்கா கெடந்தா கழிவு. கழிவுன்னு ஆயிட்டா லைசென்ஸ் இல்லாம துறைமுகத்தைத் தாண்டாது" என்றார். காளீஸ்வரியின் பேனா நின்றுவிட்டது.

பன்னிரண்டு நாள் கழித்து, துறைமுகத்தில் சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜெண்ட் செய்யது அலி போன் செய்தார். ராஜமணி ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்ததால் காளீஸ்வரிக்கும் கேட்டது.

"அண்ணாச்சி, ஒரே ஜாதின்னு எழுதிக் குடுத்தோம். சாம்பிள்ல ரெண்டு ஜாதி கெடக்காம். மண்ணு கெடக்காம். நீளமா ஒரு தலைமுடியும் கெடக்காம். போன பெட்டியிலயும் கழிவைத்தான் கொண்டாந்தீங்களான்னு கேக்குதாவ."

"முடியா?"

"நரைச்ச முடி."

ராஜமணி ரிசீவரைக் காதோடு ஒட்டி மீதியையும் கேட்டார். போனை வைத்துவிட்டுக் கொட்டகையைப் பார்த்தார். குட மிஷினடியில் சுடலையம்மாள் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள்.

சிந்தியதைக் கூட்டித் திறந்த சாக்கில் போடவேண்டும் என்பது அவர் வைத்த முறைதான். உருகிக் குடமாகிவிட்டால் யாருக்குத் தெரியும் என்பார். வந்த புதிதில் சுடலையம்மாள் குப்பையென்று ஓடைப்பக்கம் கொட்டியதற்கு, "காசைக் கொண்டு தெருவுலயா போடுத?" என்று கத்தியிருக்கிறார். வாளி மிஷினடியில் சிந்தியதும் அதே துடைப்பத்தில் அதே சாக்குக்குத்தான் வரும்.

"அண்ணாச்சி, சாம்பிள் எடுத்தது நான்" என்றாள் காளீஸ்வரி. "தைச்ச சாக்கைப் பிரிக்காம திறந்ததுல அள்ளிட்டேன். தப்பு என்னுதுதான்."

"சரி, இனிமே பாத்து எடு."

"கூட்டுத சித்தி மேல ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நீங்க சொன்னபடிதான் போட்டாவ."

"அதை லெட்டர்ல எழுதவா? முதலாளி கூட்டிக் கலக்கச் சொன்னாருன்னு?" அவர் குரல் உயரவில்லை. "பாய் வழி சொல்லுதாரு. வேலைக்காரி ஒருத்தி சொன்னதை மீறிக் கலந்துட்டா, நிப்பாட்டிட்டோம்னு எழுதி, புது சாம்பிள் வைக்கணும். விசாரிக்க வந்தா அவ இங்கன நிக்கக் கூடாது. இருக்க சரக்கு இந்த மாசம் தாங்காது. பெட்டி வரலன்னா குட மிஷினே நின்னுபோவும். எல்லாரும் வீட்டுக்குப் போவணும். அது நல்லாருக்குமா?"

"அப்ப என்னை நிப்பாட்டுங்க."

"ஒன்னைய நிப்பாட்டிட்டு இங்கிலீஷ் லெட்டரை யாரு அடிப்பா? நானா?" என்று சிரித்தார். "கூட்டுததுக்கு ஆளு கெடைக்கும்மா."

காளீஸ்வரி தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகினாள். இன்னொரு முறை கேட்டிருக்கலாமோ என்று தோன்றியது. தாள் கோணலாக ஏறியிருந்தது. எடுத்துவிட்டு நேராகச் செருகினாள்.

சாயங்காலம் சுடலையம்மாள் அலுவலக வாசலில் வந்து நின்றாள். கையில் சோற்று வாளி.

"ஏட்டி காளி, நீதான் அள்ளுனேன்னு சொன்னியாமே."

"சொன்னேன் சித்தி."

"அண்ணாச்சி என்ன சொன்னாவ?"

காளீஸ்வரி தட்டச்சு இயந்திரத்தின் உறையை இழுத்து மூடினாள்.

"முடி என்னுதுதான், இல்லைங்கல. இதுக்காவ மொட்டையடிச்சுட்டா கூட்ட முடியும்?" சுடலையம்மாள் தலையைத் தடவிக்கொண்டாள். "இனி தீப்பெட்டி ஆபீசுக்குத்தான் போவணும். மருந்து நெடி நெஞ்சுக்கு ஆவலன்னுதான் அங்கனயிருந்து இங்கன வந்தேன்."

"நான் அண்ணாச்சிகிட்ட மறுபடி..."

"வேண்டாம்ட்டி. ஒன்னையும் சேத்து அனுப்பிட்டா எனக்கென்ன ரெட்டைக் கூலியா தருவாவ?"

பஸ்சுக்கு இன்னும் நேரமிருந்தது. சோற்று வாளியைச் சுவரோரம் வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள். குட மிஷினைச் சுற்றிக் கூட்டினாள், வாளி மிஷினைச் சுற்றிக் கூட்டினாள். தகரத் தட்டில் அள்ளித் திறந்த சாக்கில் கொட்டினாள். தட்டின் விளிம்பில் ஒட்டியிருந்த மணிகளையும் விரலால் தட்டிவிட்டாள். பிறகு ஒன்றும் சிந்தாமல் சாக்கின் வாயைத் திருகி மடித்து வைத்தாள்.

"21.8.2001, செவ்வாய். கடிதம் முடிந்தது. அதில் 'ஒரு தொழிலாளி' என்றுதான் இருக்கிறது, பெயர் இல்லை. அதனால் பரவாயில்லை என்று இங்கே எழுதினேன், கோடு போட்டு அடித்துவிட்டேன். வகுப்புக்குப் போகவில்லை.

நாளை: தைத்த சாக்கைப் பிரித்துப் புது மாதிரி எடுக்க வேண்டும். முதல் பஸ்சில் தூத்துக்குடி. திரும்பியதும், சேரப்போகும் பெண்ணுக்கு வேலை சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டு மிஷினடியிலும் சிந்தியதைக் கூட்டி, திறந்த சாக்கில் போடுவது."