பூதத்தின் வயிறு

ரகுபதியின் மார்பின் மேல் முத்தம்மா வைத்த புத்தகத்தைத் தனபாலன் ஒரு கையால் உருவி எடுத்தார். மறுகையில் சிகரெட் புகைந்தது.

"வெத்தல வெச்ச, பீடி வெச்ச, சரி. இது இன்னாத்துக்கு?"

"அது இல்லாம அவரு எங்கயும் போனதில்ல. குடுண்ணே."

அண்ணன் கொடுக்கவில்லை.

கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு வாசலில் பூப்பல்லக்கு தயாராக நின்றது. மேளக்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். பந்தல் காலில் சாய்த்திருந்த கரும்பலகையில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'கதை வாத்தியார் ரகுபதி காலமானார். 12.5.97.' அதைப் பார்க்கப் பார்க்க மகள் நிலாவுக்கு எரிந்தது. மாமனுக்கும்தான்.

"வாத்தியாராம்ல!" தனபாலன் பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "இந்த வூட்டுப் பத்திரத்துல எம் மச்சான் கைநாட்டு வெச்சப்போ, பெருவிரலப் புடிச்சு அமுக்குனதே நான்தான். எம் புள்ளய டியூசனுக்கு அனுப்புனா, பாதில எயுந்து இங்க ஓடியாந்துரும். இன்னாடான்னு கேட்டா, கத கேக்கப் போனேங்குது."

பிள்ளைகளின் அம்மாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ரகுபதி மீன்பாடி வண்டி ஓட்டியவர். பழைய பேப்பர் கடைக்கு லோடு அடித்தபோது கிடைத்த புத்தகம் அது. பதினைந்து வருஷம், ஞாயிறுதோறும் மாடிப்படிக்குக் கீழே பிள்ளைகளை உட்காரவைத்து அதை விரிப்பார். விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே போவார். படம் வந்ததும் நிறுத்தி, "இது இன்னா?" என்பார். எந்தப் பிள்ளை என்ன சொன்னதோ அதுதான் அடுத்த வரி. யானை என்றால் யானை. அண்டா என்றால் அண்டா. அந்தப் பிள்ளைகள் இன்று பஜ்ஜி மடித்த தாளைக்கூடப் படிக்காமல் போடுவதில்லை.

எழுத்துக் கூட்டக் கற்றதும் எட்டு வயது நிலா, ஒரு பூதக் கதையின் நடுவே அந்தப் புத்தகத்தின் அட்டையைப் படித்தாள். 'டீசல் பம்பு பழுதுபார்க்கும் முறை.'

"நைனா, அதுல பூதமே இல்ல," என்றாள், அத்தனை பிள்ளைகள் நடுவில்.

சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவர் புத்தகத்தை மூடினார். அடுத்த ஞாயிறு அட்டைக்குக் காலண்டர் தாள் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நிலா அந்தப் பக்கம் போகவில்லை. பன்னிரண்டு வருஷம். ஊரை ஏமாற்றுகிற மனுஷன் என்று அம்மாவிடம் சொல்வாள். அவர் காதில் விழும்படிதான் சொல்வாள்.

"நீதான் பி.காம் படிக்கிறியே." தனபாலன் போட்ட புத்தகம் நிலாவின் மடியில் விழுந்தது. "படி. உங்கப்பன் இன்னா படிச்சான்னு ஜனம் கேக்கட்டும்."

"சாவூட்டுல வேணாம் மாமா."

"பொதைச்சிட்டா அப்பால எவன் கேப்பான்? இன்னா, பயமா கீதா?"

முத்தம்மா மகளைப் பார்க்கவில்லை. புருஷனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணியை இறுக்கிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே இறுக்கிய துணி.

நிலா விரித்தாள். தனபாலன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் தோளுக்கு மேல் குனிந்தார். இடது பக்கம், எண்ணெய் வடிகட்டியைக் கழற்றும் விதம். வலது பக்கம், பம்பைக் குறுக்கே வெட்டிய படம்.

"அடையாத்துக்கு அடியில ஒரு பூதம் இருந்துச்சு." விரலை வரியில் வைத்தாள். "அதுக்குத் தாகம் அடங்கவே அடங்காது. ஆத்தக் குடிச்சுது. போதல. ஏரியக் குடிச்சுது. போதல. வவுறு மட்டும் பெருசாகிக்கினே போச்சு."

"ஏய், இன்னாடி இது? இதுல எங்க..."

"மாமா, நவுரு. படம் மறைக்குது," என்றாள் முன்னால் இருந்த ஒரு சிறுமி.

யாரோ சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ரகுபதியை ஒட்டி உட்கார்ந்தார்கள். தனபாலன் இரண்டடி பின்வாங்கினார்.

"பொய்யி. அத்தினியும் பொய்யி," என்றார். யாரும் திரும்பவில்லை.

மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். அடிக்கவில்லை, வாசலில் நின்றார்கள்.

நிலாவுக்கு அதற்கு மேல் கதை தெரியவில்லை. எட்டு வயதில் இந்த இடத்தில்தான் எழுந்து போயிருந்தாள்.

சிறுமி நகர்ந்து வந்து புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "யக்கா, இந்த எடத்துலதான் தாத்தா பக்கத்தத் திருப்புவாரு," என்றாள்.

நிலா விரலில் எச்சில் தொட்டுத் திருப்பினாள்.