நிறுத்தி வைத்த ஐந்தாம் நிலை

ஐந்தரைக்கு எழுகிறேன். பால் பாக்கெட்டை எடுக்கிறேன். ஒரு டம்ளர் காபி போடுகிறேன். மிச்சப் பாலைக் காய்ச்சி மூடி வைக்கிறேன். மாலையில் அது அப்படியே இருக்கும். குளிக்கிறேன். சட்டை போடுகிறேன். கிளம்பும் முன் மேசைமேல் திறந்திருக்கும் லேப்டாப்பைப் பார்க்கிறேன், சார்ஜர் விளக்கு எரிகிறதா என்று மட்டும். எரிந்தால் அறையைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறேன். செங்கம் சாலையில் ஒரு தங்கும் விடுதியில் அறைப் பதிவு பார்க்கிறேன்.

நாற்பத்தாறு நாளாக இப்படி.

லேப்டாப் என் மனைவி தமிழ்செல்வியுடையது. திரையில் ஒரு விளையாட்டு நிற்கிறது. அதைப் பாதியில் நிறுத்திவிட்டுக் குளியலறைக்குப் போனவள் அங்கேயே விழுந்தாள். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். அதன்பிறகு கண் திறக்கவில்லை. மறுநாள் மதியம் இறந்தாள். வயது இருபத்தெட்டு.

விளையாட்டு சின்னது. கறுப்புத் திரை, ஒரு வெள்ளை உருவம், கீழே பள்ளம். உருவம் தானாக ஓடும். நாம் குதிக்க மட்டும் வேண்டும். இசையில் ஒவ்வொரு தாள அடி விழும்போதும் ஒரு படி தோன்றும், அடுத்த அடியில் மறைந்துவிடும். கண்ணால் பார்த்துக் குதித்தால் தாமதமாகிவிடும். காதால் கேட்டுக் குதிக்க வேண்டும். மொத்தம் ஐந்து நிலைகள், பதினோரு நிமிடம். எங்கே விழுந்தாலும் முதல் நிலைக்குத்தான் வர வேண்டும். சேமித்து வைக்க வழியில்லை.

அந்தப் பதினோரு நிமிடத்துக்காக அவள் ஐந்து மாதம் விழுந்துகொண்டிருந்தாள். பார்க்கிற எனக்கு எரிச்சலாக இருக்கும், அவளுக்கு இருக்காது. விழுந்த அரை நொடியில் உருவம் மறுபடி ஓட ஆரம்பித்துவிடும். தோற்றுவிட்டாய் என்று எழுத்து எதுவும் வராது. பாட்டு மூச்சு வாங்காமல் முதலிலிருந்து தொடங்கும். அதுதான் பிடித்திருக்கிறது என்றாள். ஒவ்வொரு முறையும் இரண்டு அடி கூடப் போகிறோம், அது காதுக்குத் தெரிகிறது, அதற்குமேல் என்ன வேண்டும் என்று கேட்டாள். நான் இரண்டாம் நிலையைத் தாண்டியதே இல்லை.

"உனக்குக் காதே இல்ல சரவணா. மூஞ்சிக்கு அளவா ரெண்டு ஒட்டி அனுப்பிச்சிருக்காங்க" என்பாள்.

அன்றுதான் முதன்முறையாக ஐந்தாம் நிலைக்குப் போயிருந்தாள். உருவம் ஒரு படியிலிருந்து எம்பி அந்தரத்தில் நிற்கிறது. லேப்டாப்பை மூடினால் விளையாட்டும் மூடிக்கொள்ளும். ஒருமுறை அவளுக்கே அப்படி ஆகியிருக்கிறது. அதனால் நான் மூடவில்லை. திரை அணையாதபடி மாற்றி வைத்தேன். காரியத்துக்கு வந்தவர்கள் யாரும் தொடாமலிருக்க அந்த அறையைப் பூட்டி வைத்தேன்.

வந்தவர்கள் எல்லோரும் கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். அவள் அம்மா, தனம் அத்தை, நான்கு முறை கேட்டார். அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று சொன்னாள் என்றேன். அதன்பிறகு அவர் கேட்கவில்லை.

நாற்பத்தேழாம் நாள் பேப்பரில் மின்தடை அறிவிப்பு இருந்தது. மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, எங்கள் பகுதி முழுக்க. லேப்டாப் பேட்டரி நாற்பது நிமிடம்தான் தாங்கும். விடுதியில் ஜெனரேட்டர் உண்டு. ஆனால் வரவேற்பு மேசையில் வைத்தால் யாராவது தொடுவார்கள். அடி அண்ணாமலையில் இருக்கும் அத்தைக்குப் போன் செய்து அங்கே கரண்ட் இருக்குமா என்று கேட்டேன். இருக்கும் என்றார். இன்று அமாவாசை, தமிழுக்குப் படையல் போடுகிறேன், சாப்பிட வந்துவிடுங்கள் என்றார்.

விடுதிக்கு விடுப்பு சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். லேப்டாப்பைத் திறந்தபடியே மடியில் வைத்துக்கொண்டேன். வேகத்தடை வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னா சார், மேட்சா?"

இல்லை என்றேன்.

"அப்படியே நிக்குதே. நெட்டு கம்மியா?"

ஆமாம் என்றேன்.

போய்ச் சேரும்போது நாற்பத்திரண்டு சதவீதம் மிச்சமிருந்தது. அத்தைக்குக் கிரிவலப் பாதையில் சின்னக் கடை. பின்னாலேயே வீடு. கூடத்தில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட், அதுவும் தமிழ்செல்வியின் படத்துக்குக் கீழே. படத்தைச் சுற்றியிருந்த சீரியல் விளக்கைப் பிடுங்கிவிட்டு சார்ஜரைச் செருகினேன். விளக்கு எரிந்தது. லேப்டாப்பை வாழை இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கால் கழுவப் பின்பக்கம் போனேன்.

தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஆயுத பூஜைக்கு மிக்ஸி, தையல் மெஷின், கடைத் தராசு என்று எதையும் விடாமல் பொட்டு வைப்பவர் அத்தை. மகளுடைய பொருள் படத்தருகே இருக்கிறது. சந்தனமும் குங்குமமும் எடுத்து வந்தார். கீபோர்டில் இருப்பதிலேயே பெரிய கட்டை எதுவோ அதில் அழுத்தி வைத்தார். குதிப்பதற்கும், நிறுத்தியதைத் தொடர்வதற்கும் அதுதான் கட்டை.

குழாயடியில் எனக்குப் பாட்டு கேட்டது. ஓடி வந்தேன்.

அவள் எம்பியிருந்த குதிப்பு சரியாகப் போய் அடுத்த படியில் இறங்கியது. உருவம் ஓடியது. அடுத்த அடி விழுந்தது. யாரும் குதிக்கவில்லை. உருவம் பள்ளத்துக்குள் போனது. அரை நொடி. முதல் நிலை.

என் காலிலிருந்து சிமெண்ட் தரையில் தண்ணீர் சொட்டியது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மாப்ள, இந்த தாளந்தான குக்கர் மூடியில தட்டிக்கினே இருப்பா? இன்னாடி பழக்கம் இதுன்னு திட்டுவேன்" என்றார் அத்தை. பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நான் எதனா தப்பா பண்ணிட்டனா?"

"இல்லீங்க அத்தை. நீங்க கேக்கணும்னுதான் எடுத்தாந்தேன்."

அவர் கீழே உட்கார்ந்தார். உருவம் ஓடியது, விழுந்தது, ஓடியது. பாட்டு ஏன் திரும்பத் திரும்ப முதலிலிருந்தே வருகிறது என்று கேட்டார். நாம் குதிக்க வேண்டும் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து கட்டைமேல் விரலை வைத்தேன். குங்குமம் ஒட்டியது. முதல் நிலை முடிந்தது. இரண்டாவதில் விழுந்தேன். மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி விழுந்தேன். பதினைந்து முறை இருக்கும். எண்ணவில்லை.

அத்தை எழுந்து போய்க் காக்காவுக்குச் சோறு வைத்துவிட்டு வந்தார். இலையில் எனக்குப் பரிமாறினார்.

"அம்மாவப் போய்ப் பாத்துட்டு வரலாம்னு சொன்னாளே. வந்துட்டா பாருங்க" என்றார்.

ஆமாம் என்றேன். சாப்பிட்டேன்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு, திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னது இது:

"அஞ்சாவதுல இருக்கேன் சரவணா. மூஞ்சி கழுவினு வந்துடறேன். நீ மட்டும் அதத் தொட்ட, கைய ஒடிச்சிடுவேன்."