அறுபத்திரண்டாம் பக்கத்து முட்டை

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு வேலை நிரந்தரமாவதற்குக் குறுக்கே நின்றது ஒரே ஒரு முட்டை. 'நல்ல தண்ணீரில் முட்டை மிதக்கும்' என்று அறிவியல் புத்தகம் அறுபத்திரண்டாம் பக்கத்தில் அடித்துச் சொல்லியிருந்தது. முட்டைகள் புத்தகம் படித்ததில்லை; வீட்டு வாளியில் போட்ட ஒன்பதும் கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தன. மறுநாள் ஆய்வாளர் வருகிறார். வரிக்கு வரி விரல் வைத்து, புத்தகப்படி நடக்கிறதா என்று பார்க்கிற ஆள்.

"உப்பக் கரைச்சுட்டா மிதந்துட்டுப் போகுது சார்," என்றாள் கணக்கு வாத்தியாரிடம்.

"அந்த மனுஷன் தண்ணிய நக்கிப் பாப்பாரும்மா. போன வருஷம் உப்புப் போட்டு மாட்டினவரு இப்ப பஸ் போகாத ஊர்ல பாடம் நடத்துறாரு."

அழுகின முட்டை மிதக்கும் என்பது அவளுக்குச் சமையலறையில் தெரிந்த அறிவியல். நேரே முட்டைக்கடைக்குப் போனாள்.

"அண்ணே, அழுகின முட்டை இருக்கா?"

கடைக்காரர் அந்த வார்த்தையை இருபது வருஷமாகச் சண்டையில்தான் கேட்டிருக்கிறார். "யாரு மேலம்மா எறியப் போற?"

"மூணாங்கிளாசுக்குப் பாடம் நடத்தணும்."

"பசங்க அவ்வளவு மோசமா?" என்று இரக்கப்பட்டு, கடைசி அடுக்கிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் முட்டை மகாராஜா மாதிரி மிதந்தது. ஆய்வாளர் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். உப்பில்லை. முகம் மலர்ந்தது. "ஏன் மிதக்குது? யாராவது சொல்லுங்க பாப்போம்."

முன்வரிசையில் சோடாபுட்டிக் கண்ணாடிக்காரி எழுந்தாள். "அழுகிப்போச்சு சார். உள்ள தண்ணி வத்திக் காத்து ஏறிடுச்சு. இதே அளவு தண்ணிய விட இப்ப இது லேசு. நல்ல முட்டைன்னா மூழ்கிடும்."

"புத்தகத்துல அப்படியா போட்டிருக்கு?" ஆய்வாளர் டீச்சரைத்தான் கேட்டார்.

நிரந்தர ஆணை அவர் பைக்குள் இருந்தது. டீச்சர் அந்தப் பையைப் பார்த்தாள். "இல்ல சார். அவ எப்பவும் இப்படித்தான். எதையாவது யோசிச்சுட்டே இருப்பா."

"கண்டிச்சு வைங்க. நல்ல முட்டைதான், நானே காட்டுறேன்," என்று அவர் அதை எடுத்து மேசை விளிம்பில் தட்டினார்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால், அடுத்த தெருவில் வந்துகொண்டிருந்த தபால்காரர் வந்த வழியே திரும்பிப் போனார். பள்ளிக்கூடம் முழுக்க மைதானத்தில் நின்றது. ஆய்வாளர் மூக்கில் கைக்குட்டையோடு ஆணையில் கையெழுத்துப் போட்டார். அறிக்கையும் எழுதினார்: 'பாடம் புத்தகப்படியே நடந்தது. முட்டை மிதந்தது. மாணவி ஒருத்தியின் விடை தவறு. வகுப்பறையில் காற்றோட்டம் போதாது.'

சோடாபுட்டி டீச்சரின் பக்கத்தில் வந்து நின்றாள். "பரீட்சைல மூழ்கும்னு எழுதவா டீச்சர், மிதக்கும்னு எழுதவா?"

டீச்சர் ஆணையை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"மிதக்கும்னே எழுதுடி. மூக்கப் பொத்திக்கிட்டு எழுது."