அட்டவணையின் பதினோராவது வரி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மேசையில் ஓர் ஆய்வேடு இருக்கிறது. விலங்கியல் பட்டத்துக்காகச் சென்னைக் கல்லூரி ஒன்றில் இந்த வருடம், 1943இல், கொடுக்கப்பட்டது. சேலம் ஜில்லாவின் படிக்கிணறுகளில் பரவும் நரம்புச் சிலந்தியைப்* பற்றியது. கடைசி அட்டவணையில் அறுபத்து மூன்று நோயாளிகள். ‘புழு உட்சென்ற தேதி’ என்ற கட்டத்தில் எல்லோருக்கும் ஒரு கோடு. என்றைக்குக் குடித்த தண்ணீர் என்று யாருக்குத் தெரியும்?

பதினோராவது வரியில் மட்டும் தேதி இருக்கிறது. 9-5-1941, நண்பகல்.

தேதியாவது பரவாயில்லை. நண்பகல் எப்படித் தெரிந்தது?

(* முழ நீளப் புழு. அதன் குஞ்சு படிக்கிணற்றுத் தண்ணீரில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பூச்சிக்குள் இருக்கும். குடிப்பவர் உடம்பில் ஏறக்குறைய ஒரு வருடம் வளர்ந்து, காலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஈர்க்குச்சியில் தினம் ஒரு சுற்றாகச் சுற்றி எடுக்க வேண்டும். நடுவில் அறுந்தால் புழு உள்ளேயே அழுகும். இதற்கு மருந்து கிடையாது.)

2

‘சென்னியப்பன் மல்லசமுத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வெயில்’

வெயில் வேண்டாம்.

‘சென்னியப்பன் நல்லவன். தன் ஊர் ஜனங்களின் கால்புண்ணைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த ஆராய்ச்சியை’

நல்லவன் என்று முதல் வரியிலேயே ஏன் சொல்கிறேன்? அடித்துவிட்டேன், ஆனால் அடித்தது தெரியட்டும்.

மூன்றாவது முறை இப்படி எழுதினேன். சென்னியப்பன் கோடை விடுமுறைக்குத் தோட்டத்து வீட்டுக்கு வருகிறான். கல்லூரியிலிருந்து கடனாக வாங்கிய உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பின்பக்க அறை ஜன்னலோரம் வைக்கிறான். படிக்கிணற்றுத் தண்ணீரை ஒரு பானையில் கொண்டுவரச் செய்து, துணியில் வடிகட்டிப் பூச்சிகளை எண்ணுகிறான். அவனுடைய பேராசிரியர் கடிதம் எழுதியிருக்கிறார்: எல்லாம் சரி, உட்சென்ற தேதி தெரிந்த ஓர் ஆள்கூட இல்லாமல் இந்த ஆராய்ச்சிக்கு என்ன மதிப்பு?

பண்ணையில் வேலை செய்யும் பெருமாயியிடம் அவன் படிக்கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதே என்று சொல்கிறான். அவள் கேட்கிறாள். அதன்பின் ஒரு மைல் நடந்து திருமணிமுத்தாற்று மணலில் ஊற்றுத் தோண்டி எடுத்த தண்ணீர்தான் அவள் வீட்டில். தினமும் போய் மொண்டு வருபவள் அதே தெருவில் கட்டிக்கொடுத்திருக்கும் மகள் சின்னாயி.

இதுவரை எல்லாம் நடந்தது. இந்த இடத்தில் சென்னியப்பன் நல்லவனாகத்தான் இருக்கிறான்.

3

பானையைச் சொல்ல வேண்டும். அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

அந்தப் படிக்கிணற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அண்ணன் மனைவி சௌந்திரம் சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்போம். பானை கொல்லைக் கதவுக்கு வெளியே வைக்கப்பட்டது. எங்கள் வீடுகளில் உள்ளே இருக்கும் தண்ணீர் வீட்டாருக்கு. வெளியே இருக்கும் பானை ஆட்களுக்கு. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. கை தானாகவே போகும்.

பருத்தி எடுத்தவர்கள் நண்பகலில் தண்ணீர் கேட்டு வந்தார்கள். வழக்கமான பானை காலி. நங்கை பக்கத்தில் இருந்த அந்த ஆராய்ச்சிப் பானையில் மொண்டார். செம்பை உயர்த்தி ஊற்ற, அவர்கள் குனிந்து, குவித்த கைகளில் வாயை வைத்துக் குடித்தார்கள். அப்படிக் குடிப்பவர்களுக்குப் பாத்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. கேட்கவும் மாட்டார்கள்.

மூன்று பேர் குடித்தார்கள். இருவர் தினமும் படிக்கிணற்றில் குடிப்பவர்கள். அவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். மூன்றாவது, பெருமாயி.

சென்னியப்பன் ஜன்னல் வழியாகப் பார்த்தான் என்று எழுத வேண்டும். எழுத முடியவில்லை. அந்த வேளையில் எங்கள் வீட்டு ஆண் யாரும் கொல்லைப் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். அங்கே இருந்தது பெண்கள் மட்டும்.

சென்னியப்பன் என்று ஒருவன் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது நான்.

4

“காலேசுல அத்தனை வருசம் படிச்சுப் புழுப் பொறுக்கறதுதான் மிச்சமா? மாப்பிள்ளை ஊட்டுல கேட்டா நான் என்னன்னு சொல்றது?” என்று நங்கை சிரித்துக்கொண்டே கேட்பார். நானும் சிரிப்பேன்.

அன்று அவர் ஊற்றுவதைப் பார்த்தபோது பெருமாயி முதல் வாயை விழுங்கியிருந்தாள். கத்தியிருக்கலாம். இரண்டாவது வாய், மூன்றாவது வாய். நான் திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நோட்டில் எழுதினேன்.

[அதிர்ச்சியில் நா எழவில்லை என்று இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. எடுத்துவிட்டேன். எனக்கு அப்போது அதிர்ச்சி இல்லை. நோட்டில் எழுத்து மணிமணியாக இருக்கிறது.]

அடுத்த ஒரு வருடம் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவள் காலைப் பார்த்தேன். சின்னாயி கொண்டுவரும் பானையை நாலு தடவை வாங்கிக் கண்ணாடியில் வைத்துச் சோதித்தேன். ஒரு பூச்சிகூட இல்லை. “எம்மேல அம்மிணிக்கு எம்புட்டு அக்கறை” என்று பெருமாயி ஊரெல்லாம் சொன்னாள்.

மறுவருடம் மே மாதம் கணுக்காலில் கொப்புளம் கண்டது. புழுவைக் குச்சியில் சுற்றிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தவளை, பருத்திக்கு ஆள் பற்றவில்லை என்று நங்கை கூப்பிட்டனுப்பினார். வந்தாள். மூன்றாம் நாள் புழு அறுந்தது. இப்போது பெருமாயியின் இடது கால் நிமிராது.

5

போன மாதம் வாய்மொழித் தேர்வு. பதினோராவது வரிதான் இந்த ஆய்வேட்டின் உயிர் என்றார் தேர்வாளர். அவள் வேறெங்கும் குடிக்கவில்லை என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

“நான் சொன்னால் அவள் மீற மாட்டாள்” என்றேன்.

தலையசைத்துக் குறித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்குக் காது அடைத்தது. இரண்டு வருடம் தாமதமாக வந்த அதிர்ச்சி, வந்தது போகவில்லை. கோப்பையில் தேநீர் கொடுத்தார்கள். அந்தத் தண்ணீர் எந்தப் பானையில் இருந்தது என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

6

ஊருக்கு வந்த அன்றே தெரிந்தது. ஒரு வருடமாகப் பெருமாயி மகள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்குவதில்லை. காலை இழுத்துக்கொண்டு தானே ஆற்றுக்குப் போய்வருகிறாள். இன்று இருவரும் கொல்லையில் வந்து நிற்கிறார்கள்.

“படிக்கிணத்துத் தண்ணியத் தொடலீங்க அம்மிணி. நீங்க வேண்டாம்னீங்க, உட்டுட்டேன். ஆத்துத் தண்ணி, இல்லாட்டி உங்க ஊட்டுத் தண்ணி. உங்க ஊட்டுத் தண்ணியில வராதுங்களே. அப்ப இவதான் நடக்கச் சோம்பப்பட்டுப் படிக்கிணத்துல மொண்டாந்திருக்கோணும். இல்லைன்னு சத்தியம் பண்றா. நீங்க படிச்சவங்க, சொல்லுங்க சாமி.”

சின்னாயி அம்மா பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“என்ற பானையை நாலு தடவை பாத்தீங்களே அம்மிணி. உங்களுக்குத் தெரியுமுங்களே.”

இதோ வாரேன் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

7

முடிவு ஒன்று: சின்னாயிதான் பொய் சொல்கிறாள் என்கிறேன். எல்லோரும் நம்புவார்கள்.

முடிவு இரண்டு: பானையை மாற்றி ஊற்றியது நங்கை என்கிறேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதனால்தான் பயமாக இருக்கிறது.

முடிவு மூன்று: எல்லாவற்றையும் சொல்கிறேன். பெருமாயி என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘உடுங்க அம்மிணி, தெரிஞ்சா செஞ்சீங்க’

தெரிந்துதான் செய்தேன். இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன். அவளைக் கேட்காமல் அட்டவணையில் ஒரு வரி நிரப்பினேன். அவள் மன்னிப்பையும் நானே எழுதிக்கொள்ளக் கூடாது.

நாலாவது முடிவு எனக்குத் தெரியவில்லை. இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரிந்தால், நீங்கள் அதை எழுதுவதற்குள் நான் வெளியே போயிருக்க வேண்டும்.

“வெயில்ல நிக்கறாங்க பாரு, தண்ணி ஊத்து” என்று நங்கை அடுக்களையிலிருந்து குரல் கொடுக்கிறார். செம்பை எடுத்துக்கொண்டேன். ஜன்னல் வழியாகத் தெரிகிறது: பெருமாயி இப்போதே குனிந்து கைகளைக் குவித்துவிட்டாள். சின்னாயி குவிக்கவில்லை. நிமிர்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சுவர்ப் பக்கம் திரும்பக்கூடாது என்று இருக்கிறேன். திரும்பாமலே தெரிகிறது. நண்பகல்.